பட்டப்பகலில் ஒரு விளக்கு

மார்ச் 4

தம்பிக்கு,

இந்த விலாசத்தை உன் பழைய பேக்கரி முதலாளியிடம் வாங்கினேன். அவரும் லேசில் தரவில்லை. "யார்கிட்டயும் குடுக்க வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிருக்கான்மா" என்றார். "நான் யாரோ இல்லீங்க, அவன் அக்கா" என்றேன். அப்புறம்தான் ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தார்.

போனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. உன் மாமாவைச் சுடுகாட்டுக்கு அனுப்பிவைத்த மூன்றாம் நாள் காலையில், வாசலில் உன் செருப்பு இல்லாததைப் பார்த்துத்தான் நீ போய்விட்டாய் என்று தெரிந்துகொண்டேன். வந்தவர்கள் எல்லாம் "தம்பி எங்கே, தம்பி எங்கே" என்று கேட்டார்கள். அவசர வேலை என்று புளுகினேன். இரண்டு மாதமாக அதே புளுகுதான். சரி, சண்டை போட இதை எழுதவில்லை. போட ஆரம்பித்தால் தாள் போதாது.

விஷயம் இதுதான். அவர் பைக்கில் மோதிய லாரி டிரைவர் போலீசிலும் வக்கீலிடமும் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறார். முன்னால் போன டிராக்டரை முந்துவதற்காக எதிர்ப்பக்கம் ஏறினாராம். இரண்டு பக்கமும் மரம் நிற்கிற சாலை, நிழலும் வெயிலும் மாறி மாறிக் கண்ணில் அடித்ததாம். "பைக்ல லைட் எரியல. எரிஞ்சிருந்தா கண்டிப்பா பாத்திருப்பேன், ஏறியிருக்க மாட்டேன்" என்கிறாராம். வண்டியைச் சோதித்த அதிகாரியும் ஸ்விட்ச் அணைந்த நிலையில் இருந்தது என்று எழுதியிருக்கிறார். விழுந்த வண்டியைத் தூக்கி நிறுத்திய யாரோ அணைத்திருப்பார்கள். இதுகூடவா புரியாது?

உன் மாமா பகலில் லைட் இல்லாமல் போகிறவரா? லிஃப்ட் மெக்கானிக் புத்தி. தான் ஏறப்போகிற நாற்காலியைக்கூட ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். நீதான் அவரைக் கிண்டல் செய்துகொண்டே இருப்பாய், "பட்டப்பகல்ல டார்ச் அடிச்சு யாரைத் தேடறீங்க மாமா?" என்று. அவரும் சளைக்காமல் சொல்வார், "லைட் நான் பாக்கறதுக்கு இல்லடா. நான் இருக்கேன்னு மத்தவங்க பாக்கறதுக்கு."

அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். அவர் எந்நேரமும் லைட்டைப் போட்டுக்கொண்டுதான் ஓட்டுவார் என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் வேண்டும். நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். மனைவி சொன்னால் மட்டும் போதாதாம், வக்கீல் சொல்கிறார். உன்னைவிட நல்ல சாட்சி யார்? அதற்காகவே அவரிடம் மல்லுக்கு நின்றவன் நீ. பத்திரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பு. மே 23 அன்று விசாரணை.

உன் வேனில் லைட் எரியவில்லை என்று அவர் உன் முதலாளியிடம் சொன்னதும், நீ திட்டு வாங்கியதும், பிறகு இரண்டு வாரம் வீட்டுப் பக்கமே எட்டிப் பார்க்காததும் எனக்கு மறக்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் ஓடினாயா? ஆளே போன பிறகும் கோபமா உனக்கு?

கூடத்து ஜன்னலை மூடியே வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பகலில் அந்த இருட்டுக்குள் சுவரில் ஒரு வெளிச்சம் ஓடுகிறது. அவர் வண்டியைத் திருப்பி உள்ளே கொண்டுவரும்போது ஓடுமே, அதே இடத்தில், அதே வேகத்தில். ஏதோ வண்டிக் கண்ணாடியில் வெயில் பட்டிருக்கும், தெரியாமல் இல்லை. ஆனாலும் எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்க்கிறேன்.

அக்கா


மார்ச் 19

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. பத்து நாளாகப் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன்.

இங்கே ஒரு கல் குவாரியில் ஸ்டாஃப் வேன் ஓட்டுகிறேன். காலையில் ஆட்களை ஏற்றிப்போய் விடுவது, மாலையில் திரும்பக் கொண்டுவருவது, நடுவில் ஒரு நடை சாப்பாடு கொண்டுபோவது. தகரக் கூரை போட்ட அறை. இன்னும் இரண்டு பேர் கூட இருக்கிறார்கள். சாப்பாட்டுக்குக் குறையில்லை. எல்லாவற்றின் மேலும் கல் தூசி. துடைத்த தட்டில் விரலால் பேர் எழுதலாம்.

உனக்குச் சிரிப்பு வரும், எனக்கு இங்கே பேர் 'டார்ச்சு'. நான் பகலில் லைட்டைப் போட்டுக்கொண்டுதான் ஓட்டுகிறேன். வந்த முதல் நாளிலிருந்தே. "டார்ச்சண்ணே, சூரியனுக்கே வழி காட்டறீங்களா?" என்று பின்சீட்டில் இருந்து கேட்பார்கள். எதிரில் வருகிறவர்கள்தான் பிரச்சினை. உனக்குத் தெரியுமே, லைட் எரிகிறது என்று சொல்ல விரலைக் குவித்துக் குவித்து விரிப்பார்களே, அதை எல்லோரும் காட்டுகிறார்கள். லாரிக்காரன், சைக்கிளில் போகிறவன், பின்னால் உட்கார்ந்து போகிற பொம்பளைகூட. ஒரு நாளைக்கு நாற்பது கை வரும். நான் அணைப்பதில்லை.

போன வாரம் ஒரு பெரியவர் பைக்கில் எதிரே வந்தார். வேகத்தைக் குறைத்து, சிரித்துக்கொண்டே கையைக் காட்டினார். எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. வேனைக் குறுக்கே நிறுத்தி இறங்கி, "உனக்கென்னய்யா? என் லைட்டு, என் பேட்டரி, உனக்கென்ன?" என்று கத்தினேன். அவர் பயந்துபோய்விட்டார். "நல்லதுக்குத்தானே தம்பி சொன்னேன்" என்றார்.

பத்திரத்தைப் படித்தேன். எப்படி அக்கா கையெழுத்துப் போடுவது? நான் தினமும் அவருக்குப் பின்னாலேயா போனேன்? ஒருநாள் மறந்திருக்கலாம். பல்ப் போயிருக்கலாம். 'எந்நேரமும்' என்று எழுதியிருக்கிறதே, அந்தச் சொல் எனக்கு இடிக்கிறது. வேறு யாரையாவது கேட்டுப் பார். அவரோடு வேலை செய்தவர்கள் இருப்பார்களே.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. இதை மட்டும் நம்பு.

இன்னொன்று. சொன்னால் பைத்தியம் என்பாய். குவாரிக்குப் போகிற சாலை நூல் பிடித்ததுபோல நேராக இருக்கும். சாப்பாடு கொண்டுபோகிற நடையில் வேனில் நான் மட்டும்தான். அந்த வெயிலில் வெகு தூரத்தில் ஒற்றை லைட் ஒன்று எதிரே வருகிறது. நான் ஓரமாக ஒதுங்கிப் போகிறேன். கிட்டத்தில் வரும்போது அது அணைந்துவிடுகிறது. எந்த வண்டியும் என்னைக் கடந்து போவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


மார்ச் 30

தம்பிக்கு,

அந்தச் சொல் உனக்கு இடிக்கிறதா? எனக்கு நீதான் இடிக்கிறாய். வயிற்று வலிக்காரன் டாக்டரிடம் வேறெங்கோ வலிக்கிறது என்று காட்டுவதுபோல இருக்கிறது உன் கடிதம். குவாரி, தூசி, தட்டு. இதையா கேட்டேன்?

அவரோடு வேலை செய்தவர்கள் இரண்டு பேரைக் கேட்டாகிவிட்டது. ஒருவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னொருவர், "கோர்ட்டு கேஸுன்னா எங்க வீட்ல பயப்படறாங்கம்மா" என்றார். சொந்தத் தம்பியே பயப்படும்போது அவர்களை என்ன சொல்ல?

இப்போது நடந்ததைக் கேள். போன வியாழக்கிழமை கண் டாக்டர் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். கண்ணாடிக் கடையில் நான் தனியாக இருந்தேன். முதல் சோதனை என் வேலைதான், தெரியுமே உனக்கு. சீட்டை நீட்டியபடி ஓர் ஆள் உள்ளே வந்தார். பார்வைச் சான்றிதழ் வேண்டும், வக்கீல் கேட்டாராம். நிமிர்ந்து பார்த்தேன். அந்த லாரி டிரைவர்.

என்னைப் பார்த்ததும் அவர் பின்னால் நகர்ந்து கதவில் இடித்துக்கொண்டார். "தெரியாம வந்துட்டேம்மா. வேற எங்கயாவது பாத்துக்கறேன்" என்றார். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ. "உட்காருங்க" என்றேன்.

உட்கார்ந்தார். ஒரு கண்ணை மூடச் சொன்னேன். எழுத்துப் பலகையில் மேல் வரியிலிருந்து படிக்கச் சொன்னேன். தம்பி, அவர் ஓரிடத்திலாவது தடுமாறமாட்டாரா என்று நான் வேண்டாத தெய்வம் இல்லை. ஒரே ஒரு எழுத்து போதும். கடைசி வரியைப் பாதிப் பேரால் படிக்க முடியாது. அவர் அதையும் படித்தார். இரண்டு கண்ணாலும்.

முடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. "என் கண்ணு நல்லாத்தாம்மா இருக்கு. அது எனக்கே தெரியும். அன்னிக்கு அவர் வண்டியில லைட் எரியலம்மா" என்றார். பலகையைப் பார்த்துத்தான் சொன்னார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

உள்ள அளவை உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். வேறு மாதிரி எழுதியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

அன்றிலிருந்து எனக்கு எதுவும் ஓடவில்லை. பொய் சொல்கிறவர்களை இந்த நாற்காலியில் தினமும் பார்க்கிறேன். டிரைவர் வேலைக்காகப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள், கண்ணாடி போடக் கூச்சப்பட்டுக்கொண்டு தெரிகிறது என்பார்கள். எனக்கு உடனே தெரிந்துவிடும். இந்த ஆளிடம் எனக்கு அது தெரியவில்லை.

கோர்ட்டில் என் பேச்சு எடுபட்டால் இவர் சிறைக்குப் போவார். அவருக்கும் வீடு வாசல் இருக்கும். நான் பேசப்போவது உண்மைதானே? நீ சொல். உன் மாமா லைட் இல்லாமல் போவாரா, மாட்டாரா? ஒரே ஒரு வரி எழுது. மழுப்பாதே.

அக்கா


ஏப்ரல் 11

அக்காவுக்கு,

மாட்டார். லைட் இல்லாமல் போகிறவர் இல்லை அவர்.

ஆனால் அன்று போனார். நான்தான் அணைக்கச் சொன்னேன்.

இந்த வரியை எழுதிவிட்டு வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன். இனி நிறுத்தாமல் எழுதிவிடுகிறேன், நீயும் நிறுத்தாமல் படித்துவிடு.

அன்று காலை கடைகளுக்கு ரொட்டி போட்டுவிட்டு அந்த மரச்சாலையில் திரும்பிக்கொண்டிருந்தேன். அவர் எதிரே வந்தார். இரண்டு வாரமாக அவர்மேல் எனக்கு எவ்வளவு கடுப்பு என்று உனக்குத் தெரியும். முதலாளி எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டியிருந்தார். "ஒரு பல்ப் மாத்தத் துப்பில்ல, உனக்கெல்லாம் எதுக்குடா வண்டி?" அது காதிலேயே நின்றது. மாமா பேச வந்த இரண்டு தடவையும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவர் வண்டியில் லைட் எரிந்தது. சுள்ளென்று வெயில் அடிக்கிற நேரத்தில் அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையை உயர்த்தி, அறியாதவனுக்குச் சொல்வதுபோல, விரலைக் குவித்து விரித்தேன். அணை, அணை, அணை. வேடிக்கைக்கு இல்லை, அக்கா. குத்திக்காட்டத்தான்.

அவருக்கு அது அப்படிப் படவில்லை. இரண்டு வாரம் முகம் கொடுக்காதவன் கையைக் காட்டிவிட்டான் என்று அவருக்குச் சந்தோஷம். சிரித்துவிட்டார். சரிப்பா, நீயே ஜெயிச்சுக்கோ என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு அணைத்தார். இத்தனை வருஷத்தில் யார் சொல்லியும் அணைக்காதவர், என்னைச் சமாதானப்படுத்த அணைத்தார்.

நான் விசில் அடித்துக்கொண்டே போனேன். ஜெயித்துவிட்டேன் அல்லவா. பேக்கரியில் வேனை நிறுத்திச் சாவியை மாட்டும்போதுதான் முதலாளி ஓடிவந்தார். "உங்க மாமாவுக்கு அடிபட்டிருச்சாம்டா" என்றார். எங்கே என்று கேட்கவே இல்லை நான். எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் அவரைக் கடந்துபோன நாலு நிமிஷத்துக்குள்ளேயே அது நடந்திருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் நீ என் தோளில் சாய்ந்துகொண்டு, "லைட்டப் போட்டுட்டுத்தானடா போவாரு, எப்படிடா பாக்காம இருப்பான்?" என்று கேட்டாய். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாளும் நீ அதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாய். மூன்றாம் நாள் காலையில் என்னால் அந்த வீட்டில் மூச்சுவிட முடியவில்லை.

இங்கே எதிரே வருகிற ஒவ்வொரு கையும் என் கைதான். அதனால்தான் அந்தப் பெரியவரிடம் கத்தினேன்.

லாரி டிரைவர் சொல்வது உண்மை. உன்னிடம் நான் வேறெதுவும் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாயும் இல்லை.

தம்பி


மே 6

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தினமும் படித்தேன். அதனால் எதுவும் மாறிவிடவில்லை.

என் பத்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஏன் என்று வக்கீல் கேட்டார். தம்பி வந்து சொல்வான் என்றேன்.

23ஆம் தேதி காலை பத்து மணிக்குக் கோர்ட்டுக்கு வா. எனக்கு எழுதியதை அங்கே சொல். எல்லோர் முன்னாலும், அந்த டிரைவர் முன்னாலும். வராமல் இருந்துவிடாதே.

வீட்டுக்கு வராதே. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே லாட்ஜ் இருக்கிறது. உன்னோடு நான் பேசுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். உன் முகத்தைப் பார்க்க முடியுமா என்றே எனக்குத் தெரியவில்லை.


ஜூன் 5

தம்பிக்கு,

நீ வந்தாய், சொன்னாய், போனாய். கூண்டில் நின்றபோது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டே பேசினாய். நீதிபதி, "எப்படிச் சைகை காட்டினீங்க? காட்டுங்க" என்று கேட்டபோது உன் கை மேலே எழவே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே பெஞ்சில் நீ உட்கார்ந்திருந்ததும் தெரியும். தாண்டித்தான் போனேன். அதற்கு நான் வருத்தம் சொல்லப்போவதில்லை.

நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அந்த டிரைவர் மாடிப்படியில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் வந்தார். "ஆளாளுக்குக் கேட்டுக் கேட்டு, லைட் எரிஞ்சுதான் இருக்கும், நான்தான் பாக்கலன்னு எனக்கே ஆயிடுச்சும்மா. கண்ண மூடினா அந்த லைட்டு எரிஞ்சுட்டு வர்ற மாதிரியே தெரியும். அது பொய்யா, நான் பாத்தது பொய்யான்னு புரியாமக் கெடந்தேன்" என்றார். டிராக்டரை முந்தியது அவர் தப்புதான். அதற்குத் தண்டனை இருக்கும், ஆனால் குறையும் என்கிறார் வக்கீல். தீர்ப்பு அடுத்த மாதம். அதுவரை அவர் லாரியில் ஏற முடியாது.

பகலிலும் எல்லா வண்டிகளும் லைட்டைப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும் என்று இத்தனை நாளாக வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி வைத்திருந்தேன், உனக்குத்தான் எழுதவில்லை; அந்த மனுவை நேற்றுப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்தேன். அங்கே இருந்த அதிகாரி படித்துப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர் லைட் போட்டுட்டுத்தான் போனாருன்னு கேள்விப்பட்டேனே, அப்படியும் இது நடந்துச்சேம்மா?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். "இல்லீங்க, அன்னிக்கு ஒருநாள் அணைச்சுட்டார்" என்றேன். மனுவை வாங்கிக்கொண்டார். வெளியே வந்து வெயிலில் வெகுநேரம் நின்றேன். உன் மாமா இறந்துவிட்டார் என்பதையே அப்போதுதான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னதுபோல இருந்தது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. வந்தால் எழுதுகிறேன். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

அவரைக் கடைசியாகப் பார்த்தது நானில்லை. காலையில் நான் அடுப்படியில் இருந்தேன். "வரேன்" என்றார், "ம்" என்றேன், திரும்பிப் பார்க்கவில்லை. அந்த டிரைவரும் பார்க்கவில்லை, அதுதானே வழக்கே. ஆஸ்பத்திரியில் நான் பார்த்தது அவர் இல்லை. நீதான் பார்த்தாய். அவர் சிரித்தார் என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டாய்.

அந்தச் சிரிப்பை நீ மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறாய். அது எனக்கு வேண்டும். எப்படி வந்தார், எப்படி உட்கார்ந்திருந்தார், எப்படிச் சிரித்தார், எல்லாவற்றையும் எழுது. உன் வருத்தத்தை எழுதாதே. அவரை எழுது.

அக்கா


ஜூன் 17

அக்காவுக்கு,

பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும். முதலில் தெரிந்தது வெளிச்சம்தான். அந்த மர நிழலுக்குள் எதிரே வந்த வண்டிகள் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாக இருந்தன. எது பைக், எது ஆட்கள் என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த ஒன்று மட்டும் தனியாகத் தெரிந்தது. அவ்வளவு தூரத்திலேயே அவர்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் இத்தனை நாள் சொன்னது சரி என்றும் அந்த நிமிஷமே தெரிந்தது. தெரிந்துதான் கையை உயர்த்தினேன். கோர்ட்டில் இதை யாரும் கேட்கவில்லை.

நீலச் சட்டை. கருவிப் பை டேங்க் மேல் இருந்தது. வழக்கம்போல நிமிர்ந்து, இரண்டு முழங்கையையும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு வந்தார். ஹெல்மெட் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டிருந்தார். என் வேனை அடையாளம் கண்டதும் தலை ஒருமுறை உயர்ந்தது. நான் பார்ப்பேனோ மாட்டேனோ என்று முகத்தில் ஒரு சந்தேகம் இருந்தது. கையைப் பார்த்ததும் அது போய்விட்டது. முதலில் குனிந்து லைட்டைப் பார்த்தார், யாரோ திருட்டைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி. பிறகு சிரித்தார். அவர் சிரித்தால் தோள் இரண்டும் குலுங்குமே, அதேபோல. பெருவிரலால் ஸ்விட்சைத் தட்டினார்.

லைட் அணைந்ததும் அவரும் மற்றவர்களைப் போல நிழலோடு நிழலாகிவிட்டார். அவ்வளவு கிட்டத்தில், அவரை நான் தேட வேண்டியிருந்தது.

பக்கத்தில் கடக்கும்போது என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். வாய் அசைந்தது. இரண்டு வார்த்தை, மிஞ்சினால் மூன்று. நான் ஜன்னலை ஏற்றியிருந்தேன், உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எத்தனையோ முறை அந்த உதட்டை நினைவில் ஓட்டிப் பார்த்துவிட்டேன், அக்கா. என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை.

கேட்டுவிட்டதுபோலத் தலையை ஆட்டினேன். அவரும் அதை நம்பிப் போனார்.

தம்பி